விளங்காத மொழியில் ஒரு நாவல்

மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர் எழுபதை நெருங்கிய ஸ்லோவாக்கியப் பெண். பேக்கரியில் வேலை செய்த காலத்தில், ரயிலில் போகவர எழுதியே மூன்று நாவல்களைத் தன் நாட்டில் வெளியிட்டவர். அது எனக்குத் தெரியவந்ததே அவர் படியில் வழுக்கி வலக்கையை முறித்துக்கொண்ட பிறகுதான்.

ரசம் கொண்டுபோயிருந்தேன். மேசையில் கையெழுத்துத் தாள்கள் குவிந்திருந்தன. நாலாவது நாவல். பதிப்பகத்துக்கு அனுப்பவேண்டிய நாள் நெருங்கிவிட்டது, இடக்கையால் ஒரு பக்கம் தட்டவே ஒரு நாள் போகிறது என்றார். நான் ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேசையில் நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவள்.

"நான் அடித்துத் தரட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"உங்களுக்கு ஒரு சொல்லும் புரியாதே."

"எழுத்துத் தெரிகிறதுதானே."

வீட்டில் கணவர் சிரித்தார். "இஞ்சாரும், விளங்காத பாஷையில பிழை விட்டா உமக்கு எப்பிடித் தெரியும்?"

சனிக்கிழமைகளில் போய் அடித்துக் கொடுக்கத் தொடங்கினேன். கணவர் சொன்னது சரிதான். இரண்டாவது சனிக்கிழமை, நான் அடித்ததை வாசித்த எழுத்தாளர் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்பாவை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று எழுதியிருந்தேன். நீங்கள் அவரைப் பீப்பாய் மேல் ஏற்றிவிட்டீர்கள்!"

ஓர் எழுத்தின் மேலிருந்த சின்னக் கோட்டை விட்டுவிட்டேன். அவ்வளவுதான். எங்களுக்கும் பல்லி, பள்ளி என்று இருக்கிறது என்றேன். இன்னும் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: அவர் சிறுமியாக இருந்தபோது, ஒரு கூட்டத்தில் பேசியதற்காக அப்பாவைச் சிறையில் போட்டார்களாம். அந்தப் பக்கத்தை எழுதத் துணிவு வரப் பல வருடங்கள் எடுத்ததாம்.

"அதை வாசித்து ஒருநாள் சிரிப்பேன் என்று நான் நினைக்கவேயில்லை."

அதற்குப் பிறகு ஒவ்வோர் அத்தியாயத்தின் கதையையும் முதலில் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் தாளைத் தந்தார். கோடுகளையும் புள்ளிகளையும் விடாமல் அடிக்கப் பழகினேன். கடைசிப் பக்கத்தை அனுப்பியபோது கைக்கட்டு அவிழ்த்தாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் கிளினிக்குக்கு வந்தார். நோயாளிகளின் வரிசையில் பொறுமையாக நின்று, தன் முறை வந்ததும் என் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றினார்.

"நாவலை எடுத்துக்கொண்டார்கள்."

எழுந்து போய்க் கட்டிப்பிடித்தேன். பின்னால் நின்ற ஃபிஜிக்காரர் என்ன ஏதென்று தெரியாமலே கைதட்டினார்.

இப்போது புத்தகம் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. ஒரு வரியும் எனக்கு வாசிக்க வராது. ஆனால் எந்த அத்தியாயத்தில் யார் வீடு திரும்புகிறார் என்று கேட்டால் சொல்வேன்.