பின்னால் கிடந்த தடம்

நான் ஒரு திருடன். திருடியது ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடம். அந்தத் திருட்டுக்குக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டது என் சொந்த மகளை.

முகம் சுளிக்கிறீர்களா? தாராளமாகச் சுளியுங்கள். சவரம் செய்யக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது நானும் அதைத்தான் செய்கிறேன்.

பழவங்காடியில் எனக்குப் பாத்திரக் கடை இருக்கிறது. குத்துவிளக்கு, எவர்சில்வர், பரிசுக் கோப்பைகள் எல்லாம் கிடைக்கும். வீடு வலியசாலையில். பூர்வீகம் நாஞ்சில் நாடு. மலையாளிகள் என்னை ‘அண்ணாச்சி’ என்பார்கள். கடைவீதியில் இரண்டு பேருக்குத் தகராறு வந்தால், “அண்ணாச்சி பறயட்டே”, அண்ணாச்சி சொல்லட்டும் என்று என்னிடம் வந்து நிற்பார்கள். அண்ணாச்சி சொன்னால் நியாயமாக இருக்குமாம்... த்தூ!

என் மகள் மீனா. ஒரே பிள்ளை. எட்டு வயதில் டென்னிஸ் மட்டையைப் பிடித்தவள். நானும் கடையை ஆளிடம் விட்டுவிட்டு அவள் பின்னாலேயே அலைந்தவன். விதிப் புத்தகம் முழுவதும் எனக்கு மனப்பாடம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று நாளைக்கு எந்தச் சாமி முன்னாலும் நான் சொல்ல முடியாது!

பள்ளிக்கூட டென்னிஸ் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கோர்ட்டுக்கு ஒரு நடுவரை வைக்க ஆள் கிடையாது. ஒரே ரெஃபரி எல்லாக் கோர்ட்டுக்கும் நடையாய் நடப்பார். ஆகவே பிள்ளைகளே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள வேண்டும். உன் பக்கத்தில் விழுந்த பந்து உள்ளேயா, வெளியேயா என்பதை நீதான் சொல்ல வேண்டும். கோட்டைத் தொட்டிருந்தால் உள்ளே. சந்தேகமாக இருந்தாலும் உள்ளேதான். செம்மண் தரையில் பந்து விழுந்தால் ஒரு தடம் பதியும். எதிராளி கேட்டால் அதைக் காட்ட வேண்டும். வேலிக்கு வெளியே நிற்கிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

எவ்வளவு அழகான ஏற்பாடு, யோசித்துப் பாருங்கள்! மீசை முளைக்காத பையன்களையும் ரெட்டைச் சடைப் பெண்களையும் நம்பி நீதியை ஒப்படைத்திருக்கிறார்கள். நம்பாதது பெற்றவர்களான எங்களை மட்டும்தான். அந்தக் கம்பிவலை வேலி யாருக்காகப் போட்டது என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

ஒருமுறை வேறொரு தகப்பனார் வேலியோரமாக நின்று மகனுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய் அவரைக் கண்டித்தேன். “சாரே, குட்டிகள் களிக்கட்டே” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பிள்ளைகள் விளையாடட்டும் என்று உபதேசம்! கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை!

இனி எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் இந்தக் குற்றம் நடந்திருக்காது. கடையில் மலையாளத்தில் வியாபாரம் செய்வோம். வாங்க வந்தவருக்குப் புரியக் கூடாததை எங்களுக்குள் தமிழில், அதுவும் நாஞ்சில் தமிழில், வேகமாக அடிக்குரலில் சொல்லிக்கொள்வோம். ‘இவரு வாங்க மாட்டாரு, அந்த விளக்க எடுத்து உள்ள வை’ என்கிற மாதிரி. இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தமிழ் புரியும். அது எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் ஒரு மிதப்பு. எங்கள் பேச்சு எங்களுக்கு மட்டும் தைத்த சட்டை என்கிற நினைப்பு. மீனாவும் அதில் வளர்ந்தவள். கோர்ட்டில் தடுமாறினால் வேலிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்கிற மாதிரி தமிழில் ஒரு சொல் சொல்வேன். ஆமாம்... அந்தத் தகப்பனாரைக் கண்டித்த அதே நான்தான்!

மாவட்டப் பள்ளிகளின் இறுதிப் போட்டி நடந்தது ஒரு பழைய கிளப்பின் செம்மண் கோர்ட்டில். காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஈர மண்ணில் ஒவ்வொரு தடமும் அச்சு வைத்த மாதிரி தெரிந்தது. ஜெயிக்கிற பெண் மாநிலப் போட்டிக்குப் போவாள். எங்கள் பிரிவில் ஓர் இடம்தான். மாநிலப் போட்டிக்குப் போனால் பிளஸ் டூ பரீட்சையில் கிரேஸ் மார்க் கிடைக்கும். நல்ல கல்லூரி கிடைக்கும்.

மீனாவுக்கு எதிராக ஆடியவள் ஆதிரா. வித்துராவிலிருந்து விடிவதற்கு முன்பே பஸ் ஏறி வந்த பிள்ளை. கூட யாரும் வரவில்லை. எல்லோரிடமும் சரளமாக மலையாளம் பேசினாள். மட்டையின் பிடியில் சுற்றியிருந்த டேப் நைந்து தொங்கியது. மீனாவிடம் உபரியாக இருந்த டேப்பைக் கேட்டு வாங்கிச் சுற்றிக்கொண்டாள். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்து வாழைக்காய் வறுவலைத் தின்றார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆட்டம் கடைசி செட்டுக்கு இழுத்தது. மீனா முன்னிலையில் இருந்தாள். இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் கிடைத்தால் அவள் சாம்பியன். ஆனால் கால் தளர்ந்துவிட்டது, முகம் வெளுத்துவிட்டது. இந்த ஒன்றை விட்டால் ஆட்டம் கைமாறும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆதிரா ஓங்கி அடித்தாள். பந்து மீனாவைத் தாண்டிப் பின்கோட்டில், எனக்கு நேர் எதிரே, வந்து விழுந்தது.

கோட்டின் மேல்தான் விழுந்தது. சுண்ணாம்புப் பொடி தெறித்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். சந்தேகத்துக்கே இடமில்லை!

மீனாவின் வாயிலிருந்து “அவுட்” என்று வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அது களைப்பில் வந்த சொல். திரும்பித் தரையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. திருத்திச் சொல்லத்தான் போனாள். தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிப் பாயிண்டைக் கொடுத்துவிட்டால் போதும், விதி அதோடு முடிந்தது. அவள் உதடு பிரிந்ததை நான் பார்த்தேன்...

அதற்குள் ஆதிரா, “மார்க் காணிக்காமோ?” என்று கேட்டுக்கொண்டே வலையைச் சுற்றி வந்தாள். தடத்தைக் காட்ட முடியுமா என்று கேட்கிறாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

மீனா பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தாள்.

நான் குனிந்தேன். செருப்பைத் தொட்டேன். சொன்னேன்:

“மக்கா, அத காட்டாத. பின்னால ஒண்ணு கெடக்கு பாரு, அத காட்டு. இது மேல கால வச்சிரு.”

அவ்வளவுதான் நான் பேசியது. ஒரு மூச்சில் முடிந்த பேச்சு. முந்தைய ஆட்டத்தில் விழுந்த ஏதோ ஒரு பந்தின் தடம் கோட்டுக்கு நன்றாக வெளியே கிடந்தது. மீனா ஒரு கணம் அசையாமல் நின்றாள். பிறகு வலது காலை நகர்த்தி உண்மையான தடத்தின் மேல் வைத்தாள். மட்டையின் நுனியால் அந்தப் பழைய தடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

என் பிள்ளை எனக்குக் கீழ்ப்படிந்தாள். கீழ்ப்படிய வேண்டும் என்று வளர்த்தவன் நான்தானே!

ஆதிரா ஒத்துக்கொள்ளவில்லை. ரெஃபரியைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணூர்க்காரர், தமிழ் தெரியாதவர், நேர்மையான மனிதர். அதுவரை அடுத்த கோர்ட்டில் நின்றவர். வட்டத்துக்குள் இருந்த தடத்தைப் பார்த்தார். வெளியேதான் இருந்தது. அப்போது ஆதிரா என்னைக் கைநீட்டிக் காட்டி, நான் தமிழில் சொன்னது அத்தனையையும் ஒரு சொல் பிசகாமல் மலையாளத்தில் அவரிடம் சொன்னாள். மீனாவின் காலடியில் இருந்த தடம் அதற்குள் மிதிபட்டுக் கலைந்திருந்தது.



“அண்ணாச்சி எந்தா பறஞ்ஞது?” நான் என்ன சொன்னேன் என்று ரெஃபரி என்னைக் கேட்டார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அந்த இடத்தில் கூட எனக்கு ஒரு வழி திறந்து கிடந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு பாயிண்ட் போயிருக்கும், கொஞ்சம் மானம் போயிருக்கும். நான் சிரித்தேன். ஐயோ, அந்தச் சிரிப்பு! கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்று சிரிக்கிற அதே சிரிப்பு.

“வெள்ளம் குடிக்கான் பறஞ்ஞதா சாரே. குட்டி க்ஷீணிச்சு போயி.”

பிள்ளை களைத்துவிட்டாள், தண்ணீர் குடிக்கச் சொன்னேன் என்றேன். ரெஃபரி மீனாவின் பக்கம் திரும்பி, “ஆணோ மோளே?” என்றார். அப்படித்தானா மகளே என்று அவர் கேட்டபோது மீனா என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது தன் காலுக்குக் கீழே இருந்த மண்ணை.

“ஆ” என்று ஒத்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்தது. மீனா சாம்பியன். பெரியவர் மேல் பொய்ப்பழி சொன்னதற்காக ஆதிராவுக்கு ரெஃபரி எச்சரிக்கை கொடுத்தார். தோற்கவும் படிக்க வேண்டும் என்று அவளுக்கு எல்லோர் முன்னிலையிலும் அறிவுரை சொன்னார். அந்தப் பெண் அழவில்லை. வலைக்குப் போய் மீனாவிடம் கைகொடுத்தாள். தன் பிடியில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்து, மடித்து, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

அருவருப்பு இதோடு தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அந்தப் போட்டிக்கு ‘சிறந்த விளையாட்டுப் பண்பு’க்கு என்று ஒரு கோப்பை இருந்தது. கொடுத்தது யார்? நான்! என் கடைப் பெயர் பொறித்த பித்தளைக் கோப்பை. குழப்பத்தின் நடுவிலும் எதிராளியை ஒரு சொல் கடிந்து பேசாமல் நின்றாளாம் மீனா... அவளுக்கே கொடுத்தார்கள். என்னையே மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். நானும் ஏறினேன். மைக் வைத்திருந்தார்கள், நேர்மையைப் பற்றி நாலு வார்த்தை பேசினேன். கை தட்டினார்கள். நாக்கு அழுகி விழவில்லை. அப்படியெல்லாம் எதுவும் நடப்பதில்லை.

கீழே இறங்கி வரும்போது ஆதிரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பஸ்ஸுக்குப் போகிறவள். என்னிடம் தமிழில் பேசினாள். அசல் நாஞ்சில் தமிழ்.

“அங்கிளே, எங்க அம்மைக்கு ஊரு களியக்காவிளை பக்கம். எங்க வீட்டுலயும் இதாக்கும் பேச்சு.” பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். “காலையில ஒங்கள பாத்தப்ப எனக்கு சந்தோசமா இருந்துச்சு. நம்ம ஆளுக்காரங்க ஒருத்தர் நிக்காருன்னு.”

திட்டியிருக்கலாம். காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். நம்ம ஆளுக்காரங்க என்றாள்... நான் காரைத் தேடிப் போனேன்.

பிறகு அவளை எந்தப் போட்டியிலும் பார்க்கவில்லை. ஒரு நாள் துணிந்து வித்துராவுக்குப் பஸ் ஏறினேன். விசாரித்தால் வீடு தெரிந்துவிடும், சின்ன ஊர்தான். சந்தையில் இறங்கி ஒரு சாயா குடித்தேன். கடைக்காரர், “யாரைக் காணானா?” என்றார். யாரையும் பார்க்க வரவில்லை, பொன்முடி போகிற வழியில் சும்மா இறங்கினேன் என்றேன். பொய் எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. திரும்பி வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

இதை எழுதினால் பாரம் குறையும் என்று எவனோ சொன்னான். புளுகு! எழுத எழுத என் அற்பத்தனம் எனக்கே இன்னும் தெளிவாகத் தெரிகிறது, வேறொன்றும் நடக்கவில்லை.

மீனா மாநிலப் போட்டிக்குப் போனாள். முதல் சுற்றில், எதிராளியின் பந்து எங்கே விழுந்தாலும் “உள்ளே” என்றே சொல்லித் தோற்றுத் திரும்பினாள் என்று அவளுடன் போன டீச்சர் சொன்னார். கிரேஸ் மார்க் கிடைத்தது. இன்று பெங்களூரில் படிக்கிறாள். அந்தக் கோப்பையை அவள் வீட்டுக்குள் கொண்டுவரவே இல்லை. கடையில், விற்பனைக்கு வைத்த கோப்பைகளின் நடுவில் வைத்துவிட்டுப் போனாள். அங்கேதான் இருக்கிறது. வருகிறவர்கள் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு விலை கேட்கிறார்கள்.

அவள் என்னிடம் சண்டை போடவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்று இறுதிப் போட்டி முடிந்து காரில் ஏறியதும், “அச்சா, நமுக்கு போகாம்” என்றாள். போகலாம் அப்பா என்பதை மலையாளத்தில் சொன்னாள். களைப்பு என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு தமிழ்ச் சொல் அவள் வாயிலிருந்து எனக்கு வரவில்லை.

அவள் அம்மையிடம் தமிழ்தான் பேசுகிறாள். என்னிடம் மட்டும் மலையாளம், எங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற அதே பணிவான மலையாளம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பாஷைதான் வாயில் வருகிறது என்று உறவுக்காரர்களிடம் நான் சலித்துக்கொள்வேன். அவர்களும் ஆமாம் என்பார்கள்.

தினமும் சாயங்காலம் போன் செய்வாள். நேற்றும் செய்தாள். நான் எடுத்ததும், “என்ன மக்கா, சாப்பிட்டியா?” என்று கேட்டேன்.

“கழிச்சு. அச்சன் கழிச்சோ?” என்றாள். சாப்பிட்டாயிற்று, அப்பா சாப்பிட்டாயிற்றா என்கிறாள்.

“கழிச்சு மோளே” என்றேன்.