ஒரே டேங்க்கில் குடிக்கும் இரண்டு

ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் இயந்திரத்தின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார் அக்கா. திருப்தியானதும் நோட்டில் ஒரு கோடு. கிளம்பினால் நீலம், கிளம்பாவிட்டால் சிவப்பு.

பிரசவ ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் அறை அவருடையது. ஐம்பது வயது. தலைமை டாக்டர் உட்பட எல்லோருக்கும் அக்கா. மாடியில், குறைமாதத்தில் பிறந்த பதினான்கு குழந்தைகள் கண்ணாடிப் பெட்டிகளின் சூட்டில் கிடக்கின்றன. ஒன்று என் தங்கையுடையது. மின்சாரம் போனால் பெட்டிகளின் பேட்டரி இருபது நிமிடம் தாங்கும். பிறகு அக்காவின் இரண்டு ஜெனரேட்டர்கள்தான்.

நோட்டில் எட்டு வருடக் கோடுகள். ஒவ்வொரு ஜெனரேட்டரையும் வாரம் ஒருமுறையாக நானூறு முறை கிளப்பியதில் நான்கு முறை சண்டித்தனம் செய்திருக்கிறது. “போன மக்கருக்கப்புறம் இன்னிக்கு நூறாவது தடவையாமே, மறுபடி மக்கர் பண்ணுமாக்கா?” என்று நர்ஸ்கள் சீண்டுவார்கள்.

“அதுக்கு எண்ணத் தெரியாதுடி. எண்ணறது நான்.”

நிர்வாக அதிகாரி கணக்கில் புலி. “இது நூத்துல ஒண்ணு, அது நூத்துல ஒண்ணு. ரெண்டும் சேந்து படுக்கறது பத்தாயிரத்துல ஒண்ணுக்கா. நிம்மதியா இருங்க.”

“ஒருத்தரையொருத்தர் தெரியாதவங்களுக்குத்தான் சார் அந்தப் பெருக்கல். இதுங்க ஒரே டேங்க்ல குடிக்குதுங்க. டேங்க் கெட்டா ரெண்டும் சேந்தே படுக்கும். அப்ப உங்க பத்தாயிரத்தை எங்க போய்த் தேடறது?”

யாரையும் கேட்காமல் இரண்டாவதற்கு மட்டும் தனியாக ஒரு டீசல் டிரம்மை இணைத்துவிட்டார். அறைக்குள் டிரம் வைப்பது விதிக்கு விரோதம். எடுக்கச் சொன்னார் அதிகாரி. “தள்ள ஆள் வரல சார்” என்று ஒரு மாதம் ஓட்டினார் அக்கா. வியாழக்கிழமை கடைசிக் கெடு. நடக்காமலே போகக்கூடிய ஒன்றை இவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரை நான் கண்டதில்லை.

புதன் பிற்பகல் மூன்று மணிக்கு மின்சாரம் போனது. முதல் ஜெனரேட்டர் கிளம்பி, மூன்று நிமிடம் ஓடி, இருமி, நின்றது. டேங்க்கில் தண்ணீர் கலந்திருந்தது. நான் படிக்கட்டில் நின்றேன், ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல். கீழே டிரம்மில் குடிக்கும் இரண்டாவது உறுமியது. மேலே விளக்குகள் எரிந்தன. நான் கீழே ஓடினேன்.

அதிகாரியும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். “பொழைச்சோம்க்கா! டிரம் இங்கேயே கெடக்கட்டும். எவன் கேட்டாலும் நான் பாத்துக்கறேன்.”

அக்காவின் முகத்தில் அவர் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை.

“டேங்க்கை ரொப்புன லாரிதான் சார் டிரம்மையும் ரொப்புச்சு.”

அக்கா குனிந்து டிரம்மின் அடிக்குழாயைத் திறந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் டீசல் பிடித்தார். ஜன்னலருகே போய் வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார். வெகுநேரம் பார்த்தார். கலங்கல் இல்லை, அடியில் தண்ணீர்க் கோடு இல்லை. அதிகாரி பெருமூச்சு விட்டார்.

அக்கா மறுபடி குனிந்து, இன்னொரு தம்ளர் பிடித்தார்.