எண்ணெய் அண்ணன் தேர்ந்தெடுத்த பியானோ

அந்தத் தையல் ஆலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. எண்ணெய் அண்ணன், அவ்வளவுதான். சம்பளச் சீட்டில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. அது சம்பளம் வாங்க மட்டும். நூற்றிருபது மெஷின்களில் எது முனகினாலும் முரண்டு பிடித்தாலும் எண்ணெய்க் குப்பியோடு வந்து நிற்பார். ஒரு விரலால் சக்கரத்தைத் தள்ளிப் பார்ப்பார். வழுக்கிக்கொண்டு ஓடினால் நல்ல மெஷின், கனத்தால் நோயாளி. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒரு விரல்தான் அவருக்குச் சோறு போட்டது. அதன்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை கடவுள்மேல்கூட இருந்ததா என்பது சந்தேகம்.

அந்த விரலே அவர் காலை வாரிவிட்டது.

அவர் மனைவி ஒரு சின்னப் பள்ளியில் மழலை வகுப்பு டீச்சர். வீட்டிலும் டீச்சர்தான், அவரே அப்படித்தான் கூப்பிடுவார். விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் அங்கிருந்த பெரிய பியானோவில் ஏழு வருஷம் கற்றவள். கல்யாணத்துக்குப் பிறகு பியானோவும் இல்லை, நேரமும் இல்லை. இந்த வருஷம் பக்கத்துப் பெரிய பள்ளியில் இசை டீச்சர் வேலை காலியானது. மூன்று மாதத்தில் தேர்வு. அவர்கள் ஹாலில் இருக்கும் பியானோவில் வாசித்துக் காட்ட வேண்டும். நாற்பது வயது தாண்டியவர்கள் விண்ணப்பிக்க முடியாது. டீச்சருக்கு அதற்கு ஆறே மாதம் இருந்தது. இந்த ஒரு தடவை கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை மழலை வகுப்புதான்.

பழகுவதற்கு ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். டீச்சர் சீட்டு எழுதிக் கொடுத்தாள். எண்பத்தெட்டு கட்டை. காலால் மிதிக்கும் பெடல். ஹெட்போன் மாட்ட வழி இருக்க வேண்டும், ஏனென்றால் கீழ்வீட்டு நர்ஸ் பகலில் தூங்குகிறவள். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிற மாதிரி மடக்கு ஸ்டாண்டு. நாலு மாடி தூக்க முடிகிற எடை.

கட்டைகள் அழுத்தினால் கனக்க வேண்டும் என்று மட்டும் அவள் எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை. அவள் பார்த்த ஒரே பியானோவின் கட்டைகள் கனமானவை. ஊசி வாங்கிவரச் சொல்கிறவர்கள் முனை இருக்கட்டும் என்று சேர்த்துச் சொல்வதில்லையே.

சனிக்கிழமை அவளுக்குப் பெற்றோர் கூட்டம். "ஒரு வாரம் பொறுங்க, சேர்ந்து போவோம்" என்றாள்.

"ஒரு மெஷின் பாத்து வாங்க எனக்குத் துணை வேணுமா?" என்று கிளம்பிவிட்டார்.

கடையில் அவர் கையிலிருந்த தொகைக்கு இரண்டு பியானோக்கள் இருந்தன. விற்பனையாளர் முதலாவதைக் காட்டினார்.

"இதை எடுங்க சார். உள்ள சின்னச் சின்ன சுத்தியல் இருக்கு. நிஜப் பியானோ என்ன கனமோ அதே கனம்."

அண்ணன் விரலை வைத்தார். கட்டை எதிர்த்தது. முகம் சுளித்தார். அடுத்ததில் வைத்தார். தொட்டதும் இறங்கியது, விட்டதும் ஏறியது. தூக்கிப் பார்த்தார், முதலாவதில் பாதி எடைகூட இல்லை.

"புதுசுலயே அது இவ்வளவு இறுக்கமா இருக்கே. நாளைக்கு என்ன கதி?"

"அது இறுக்கம் இல்ல சார், அது வந்து..."

"இருபத்திரண்டு வருஷமா இதான் என் வேலை. மெஷின் எது நல்லா ஓடும்னு எனக்குத் தெரியும்."

அதற்குமேல் பேசினால் வியாபாரம் கெடும் என்று விற்பனையாளர் வாயை மூடிக்கொண்டார். அண்ணன் கிளம்பும்போது மட்டும், "ஏழு நாளுக்குள்ள மாத்திக்கலாம் சார்" என்றார். மாற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று அண்ணன் சிரித்தார்.

நாலு மாடி ஏறி, வேர்த்து வழிய, பெட்டியைப் பிரித்து, ஸ்டாண்டில் ஏற்றி, தன் புதுச் சட்டையின் முனையாலேயே துடைத்தும் வைத்தார். டீச்சர் ஒரு கட்டையை அழுத்தினாள். இன்னொன்றை அழுத்தினாள். சற்று நேரம் விரலை எடுக்கவில்லை.

"லேசா இருக்குல்ல?" என்றார் அண்ணன்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "ரொம்ப லேசா இருக்குங்க" என்றாள்.

மறுநாள் காலை அவள் காய்கறி வாங்கப் போனபோது அண்ணனுக்குக் கை நமநமத்தது. புது மெஷின் எது வந்தாலும் ஒரு முறை திறந்து பார்த்து, ஒரு சொட்டு விட்டு மூடினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பின்பக்கத் திருகின்மேல் ஒரு வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மெக்கானிக்கை உள்ளே விடாமல் இருக்கக் கம்பெனிக்காரன் செய்யும் தந்திரம் அது. நகத்தால் உரித்தார், திறந்தார், அங்கங்கே ஒரு சொட்டு வைத்தார், மூடினார். ஒரு திருகு மிச்சமில்லை. ரொம்பத் திருப்தி.

பிறகு மூன்று மாதம் டீச்சர் தினமும் ஹெட்போன் மாட்டி வாசித்தாள். அண்ணனுக்குக் கேட்டதெல்லாம் கட்டைகளின் டொக் டொக் மட்டும்தான். சில சமயம் விரல்களில் ரப்பர் பேண்டு சுற்றிக்கொண்டு சாப்பாட்டு மேஜையை அழுத்தி அழுத்திக் குத்துவாள். "மேஜை என்ன பாவம் பண்ணுச்சு டீச்சர்?" என்று கேலி செய்வார். "விரலுக்குப் பலம் வேணும்ல" என்பாள்.

தேர்வன்று அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு ஹால் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். மனைவி வாசித்து அவர் கேட்கப்போவது அதுதான் முதல் முறை. தொடங்கினாள். உரக்க வரும் இடங்கள் ஒப்பேறின. மெதுவான இடம் வந்தபோது ஒரு ஸ்வரம் விழவில்லை. பிறகு இரண்டு. பிறகு எங்கே எது விடுபடும் என்று அவர் விரலை மடக்கிக்கொண்டு காத்திருக்கும்படி ஆகிவிட்டது. அவருக்குச் சங்கீதம் தெரியாது. தையல் விட்டுப்போகும் சத்தம் தெரியும். ஆலையாக இருந்தால் ஓடிப்போய் மெஷினை நிறுத்தியிருப்பார். இங்கே கதவைத் தொடக்கூட முடியாது.

டீச்சர் வெளியே வந்தாள். பின்னாலேயே தேர்வாளர்கள் பேசிக்கொண்டு போனார்கள். ஹால் காலியானதும் அண்ணன் உள்ளே போய் அந்தப் பியானோவின் ஒரு கட்டையை அழுத்தினார். எதிர்த்தது. கடையில் அவர் வேண்டாம் என்று சொன்ன அதே கனம்.

திரும்பிப் பார்த்தார். அவள் வாசலில் நின்றிருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்."

"ஏழு நாள் டைம் இருந்துச்சே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே."

"அஞ்சாம் நாள் உங்களுக்குத் தெரியாம கடைக்குப் போனேங்க. போட்டோ காட்டுங்கன்னாங்க. காட்டினேன். சீல் கிழிஞ்சிருக்கு, எடுத்துக்க முடியாதுன்னுட்டாங்க."

அண்ணன் தன் விரல் நகத்தைப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் சொல்லி என்ன பண்ண? நீங்க சாப்பிடாம கிடப்பீங்க. வேற பியானோவா வந்துடும்?" என்றாள். கோபம்கூட இல்லை அவள் குரலில். கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

சாயங்காலம் நர்ஸ் வேலைக்குக் கிளம்பிப் போகும் செருப்புச் சத்தம் படியில் கேட்டது. டீச்சர் கட்டிலுக்கு அடியிலிருந்து பியானோவை இழுத்தாள். ஹெட்போனை ஓரமாக வைத்துவிட்டு, காலையில் வாசித்த அதையே முதலிலிருந்து வாசித்தாள். அண்ணன் கட்டில் ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெதுவான இடம் வந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு ஸ்வரம்கூட விடுபடவில்லை.