அம்மாவின் சஷ்டி விரதமும் நான் வாங்கிக் கொடுத்த இளநீரும்

எங்கள் அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, இந்தக் கல்வெட்டு என்னும் நினைவு மலருக்கு அம்மாவின் நல்ல குணங்களை எழுதித் தரும்படி அப்பா என்னிடம் கேட்டார். எழுதுகிறேன். கூடவே, அம்மா நான்கு வருடமாக உங்களிடம் மறைத்த ஒரு விடயத்தையும் எழுதுகிறேன். அப்பாவிடம் கேட்டுவிட்டேன். அவரும் “எழுது” என்றார்.

அம்மா சாவகச்சேரியில் ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தவர். கணிதத்தில் கெட்டிக்காரி. இடப்பெயர்வுகளால் படிப்பு உயர்தரத்தோடு நின்றுபோனது. திருமணத்துக்குப் பிறகு அப்பா முதலில் ஜெர்மனிக்கு வந்துவிட, மூன்று வருடம் தனியாக என்னை வளர்த்து, பிறகு கெல்சென்கிர்ச்சனுக்கு வந்து சேர்ந்தார். தம்பி இங்கேதான் பிறந்தான். ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்யும் வேலையில் தொடங்கி, முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் இருபது வருடத்துக்கு மேல் உழைத்தார். பாத்திரம் கழுவப் போனவர், சில வருடங்களில் அங்கே யார் எந்த வேலை செய்வது என்று சொல்பவராகிவிட்டார். அம்மா யாருக்கும் பயந்தவர் அல்ல. வைத்தியருக்கும் பயப்படவில்லை என்பதுதான் எங்களுக்குக் கரைச்சல்.

ஐம்பது வயதில் அவருக்கு இரத்த அழுத்தம் கூடியிருப்பது தெரியவந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னார் வைத்தியர். அம்மாவும் கறியில் உப்பைப் பாதியாக்கினார். கறி சப்பென்று இருந்ததால் சோற்றுக்குப் பக்கத்தில் மூன்று அப்பளம், இரண்டு மோர்மிளகாய், ஒரு கரண்டி ஊறுகாய் வைத்துக்கொண்டார். “கறியிலை உப்பே இல்லை, டொக்டர்” என்று அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. வேலைத்தலத்தில் காலையில் சாப்பிட்ட பாணிலும் சீஸிலும் இருந்த உப்பை நாங்களும் கவனிக்கவில்லை. அழுத்தம் இறங்க மாட்டேன் என்று நின்றது.

நான் அப்போது மருந்தகமொன்றில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தேன். படித்ததை வீட்டில் வந்து ஒப்புவிப்பேன். உப்பில் இருக்கும் சோடியம் உடம்பில் தண்ணீரைத் தேக்கி அழுத்தத்தைக் கூட்டுகிறது. கீரை, பூசணி, பருப்பு, வாழைப்பழம் ஆகியவற்றில் இருக்கும் பொட்டாசியம், சிறுநீரகம் அந்தச் சோடியத்தை வெளியேற்ற உதவுகிறது. ஒன்றைக் குறைத்தால் மட்டும் போதாது, மற்றதைக் கூட்டவும் வேண்டும் என்று சொன்னேன். அம்மா கேட்டார். அப்பளத்துக்குப் பதிலாகத் தட்டில் கீரை வந்தது. கறிக்குத் தேசிக்காய்ப் புளியும் மிளகும் கூட்டினார். சில மாதங்களில் அழுத்தம் இறங்கியது. வைத்தியருக்கே ஆச்சரியம்.

அம்மாவுக்கு வந்த பெருமை சொல்லி மாளாது. கோயிலில் காண்கிற எல்லோரிடமும், “என்ர மகள் சொன்னவள்” என்று என் உபதேசங்களைப் பரப்பினார். அதன் பிறகு பூசை முடிந்து பிரசாதம் வாங்கும் வரிசையில் நின்றே என்னிடம் மருந்துக் குளிசைகளின் பெயர்களைக் கேட்பவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். எனக்கும் அது பிடித்திருந்தது. மறைப்பானேன், தலைக்கனமும் வந்தது.

வருடங்கள் போயின. அம்மாவின் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தது. அழுத்தம் திரும்பக் கூட, வைத்தியர் புதிய குளிசை ஒன்றைச் சேர்த்தார். சில வாரத்தில் இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். அவர் குறித்துத் தந்த அந்த ‘தெர்மீன்’ நாள் கந்தசஷ்டி வாரத்தில் விழுந்தது. விரதத்துக்குள் இரத்தம் எடுக்கக் கூடாது என்பது அம்மாவின் பிடிவாதம். தொலைபேசி எடுத்து அதைத் தள்ளிப் போட்டவள் நான்.

அந்த வருடம் ஆறு நாளும் வெறும் தண்ணீரோடு இருக்கப்போவதாக அம்மா சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது. “தண்ணி மட்டும் ஏலாதம்மா. இளநீர் குடியுங்கோ. அதிலை பொட்டாசியம் இருக்கு, பிரஷருக்கும் நல்லது” என்று சொல்லி, பெட்டியில் அடைத்த இளநீரை ஒரு கட்டாக வாங்கி வந்து சமையலறையில் அடுக்கினேன்.

ஆறாம் நாள் மதியம் சூரன்போருக்குப் புறப்படும்போது அம்மா கட்டிலில் இருந்து எழும்ப முடியாமல், “கால் ரெண்டும் இல்லாத மாதிரிக் கிடக்கு, பிள்ளை” என்றார். விரதக் களைப்பு என்று அப்பா சொன்னார். நான் இன்னொரு குவளை இளநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் நாடி மிகவும் மெதுவாகிவிட்டது. அம்புலன்ஸ் வந்தது. வைத்தியசாலையில், இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கிறது, அது இதயத்தின் துடிப்பையே குழப்பியிருக்கிறது என்றார்கள். புதிய குளிசை பொட்டாசியத்தை உடம்புக்குள் பிடித்து வைக்கும் வகை. தளர்ந்த சிறுநீரகத்தாலும் அதை வெளியேற்ற முடியவில்லை. அதற்கு மேல் ஆறு நாள் இளநீர். மருந்தகத்துக்கு யார் வந்தாலும், வேறு என்ன குளிசை போடுகிறீர்கள் என்று கேட்காமல் நான் அனுப்புவதில்லை. அந்த ஒரு கேள்வியை என் அம்மாவிடம் கேட்கவில்லை.

யார் இந்த ஆலோசனையைக் கொடுத்தது என்று அங்கிருந்த இளம் வைத்தியர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், நாடித்துடிப்புக் கருவிகளுக்கு நடுவில் கிடந்த அம்மா, நல்ல ஜெர்மன் மொழியில், “ஒருவரும் இல்லை, நானேதான்” என்றார்.

மூன்றாம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன். “பிழை என்ரது, அம்மா. கோயிலிலை எல்லாருக்கும் சொல்லப் போறன்.”

“ஓம், பிழை உன்ரதுதான். அதுக்காக ஊர் முழுக்கச் சொல்லோணுமோ? சனம் உன்னட்டைத்தானே கேக்குது. நான் காய்ச்சலிலை கிடந்தனான். அவ்வளவுதான்.”

அந்தக் காய்ச்சல் கதையைத்தான் நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். எனக்கும் அது வசதியாகப் போய்விட்டது.

அதன் பிறகு அம்மா நான்கு வருடம் நன்றாகவே வாழ்ந்தார். குளிசை மாற்றப்பட்டது. வைத்தியர் சொன்னபடி மரக்கறியை அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தார்; உப்பையும் கூட்டவில்லை. சஷ்டிக்கு ஒருநேரச் சோறு சாப்பிட்டார். தம்பியின் திருமணத்தில் தாலிக்கொடியைத் தட்டில் ஏந்திச் சபையெல்லாம் சுற்றி வந்தார். இறுதியில் அவரைக் கொண்டுபோனது கணையப் புற்றுநோய். ஏழு வாரம்தான். படுக்கையில் கிடந்தபோதும் வீட்டுக்கு வந்தவர்கள் சாப்பிட்டார்களா என்றே விசாரித்துக்கொண்டிருந்தார்.

அம்மாவைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்தவர்களுக்கும், கிரியைகளைச் செய்துதந்த ஐயாவுக்கும், எட்டு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று வுப்பர்டாலில் இருந்து வந்த அக்கா ஒருவர் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். பேச்சோடு பேச்சாக, “கொம்மா முந்தியொரு சஷ்டிக்கு எனக்கும் போனிலை சொன்னவ, இளநீர் பிரஷருக்கு நல்லதாம் எண்டு. நீ சொன்னதாம். நானும் சஷ்டிக்கு உதுதான் குடிக்கிறன். இந்த முறை ஆறு நாளும் உதோடையே இருக்கப் போறன், பெட்டியும் வாங்கி வைச்சிட்டன்” என்றார்.

அந்த இடத்திலேயே அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கையை விட்டுவிட்டார். “உவ்வளவு காலமும் சொல்லாமல் இருந்திட்டியே, பிள்ளை” என்றார். பிறகு கைப்பையைத் திறந்து தன் குளிசைப் பட்டியலை எடுத்து என் மடியில் வைத்தார். “இந்தா, நீயே பார்.”

மூன்றாவது வரியில், அம்மா அன்று போட்ட அதே குளிசை இருந்தது.

அதைத் தன் எண்ணத்துக்கு நிறுத்த வேண்டாம், முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகு வைத்தியர் சொல்வதைக் கேட்டு விரதம் என்றேன். மறுநாளே போய் இரத்தம் கொடுத்தார். இளநீரும் கீரையும் நம்மில் பலருக்கு நல்லவைதான். ஆனால் அழுத்தத்துக்குக் குளிசை போடுபவர்களும் சிறுநீரகம் தளர்ந்தவர்களும் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் என் பேச்சை நம்ப வேண்டாம். தன் கதையையும் உங்களுக்குச் சொல்லும்படி அந்த அக்காவும் கேட்டுக்கொண்டார். இன்று அவர் இந்த மண்டபத்தில் உங்களோடு இருக்கிறார்.

அம்மா மறைத்ததை அம்மாவின் கல்வெட்டிலேயே எழுதிவிட்டேன். அவர் இருந்திருந்தால் என்னை நன்றாக ஏசியிருப்பார். ஏசட்டும்.