இடப்பக்கம் இழுத்த வண்டி

எழுபத்தொன்றாம் வயதில், இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது, என் மனைவி முதலில் கேட்டது, "அதுல எப்படி ஏறி உக்கார்றது?" என்பதுதான். இரண்டாவதாகக் கேட்டது, "உக்காந்தா எப்படி எந்திரிக்கிறது?"

பெங்களூரில் இருக்கும் மகன் கேள்வியே கேட்கவில்லை. "ஸ்கூட்டரையே குடுத்துடுங்கன்னு நான் சொல்லிட்டிருக்கேன், நீங்க கார் வாங்கக் கெளம்பிட்டீங்க" என்று சொல்லி போனை அவன் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான். இடது கண்ணில் புரை எடுத்த நாளிலிருந்து இந்தப் பேச்சு வீட்டில் உண்டு. கண்ணில் அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வந்து காட்டுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் போகவில்லை. என்ன சொல்வாரோ என்ற பயம்தான் காரணம்.

நீர்ப்பாசனத் துறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன் நான். டிரைவர் இருந்தாலும் ஜீப்பை நானே ஓட்டுவேன். இன்னும் எத்தனை வருடம் ஓட்ட முடியும் என்று ஒரு நாள் கணக்குப் போட்டேன். ஐந்து வந்தது. பயந்து போட்டால் மூன்று. மூன்று வருடத்தையும் ஸ்கூட்டரில் கழிக்க மனம் வரவில்லை. அதற்கு மேல் காரணம் சொல்லத் தெரியவில்லை.

மனைவி கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். "நானும் கூட வரேன். வண்டி தானா ஓடி நம்ம வாசல்ல வந்து நின்னா நீங்க ஓட்டுங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன். வழியில நின்னு கயிறு கட்டி இழுத்துட்டு வந்தா, அன்னைக்கோட சரி. காரும் இல்ல, ஸ்கூட்டரும் இல்ல." ஒப்புக்கொண்டேன். மகனுக்கும் அவளே போன் செய்து சொல்லிவிட்டாள்.

வண்டி அதிராம்பட்டினத்தில் இருந்தது. உரிமையாளர் துபாயில் வேலை பார்த்தவர். சென்னையில் வாங்கி ஊருக்குக் கொண்டுவந்து ஒரு மாதம் ஓட்டிவிட்டு விமானம் ஏறியவர், எட்டு வருடம் கழித்து இப்போதுதான் நிரந்தரமாகத் திரும்பியிருந்தார். முட்டிவலியால் காலை மடக்க முடியவில்லை என்றும், அதனால்தான் விற்கிறேன் என்றும் சொன்னார். என் மனைவி என்னுடைய முட்டியைப் பார்த்தாள்.

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டவா சார்?" என்றார். சாவியைத் திருப்பியதும் என்ஜின் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது. எட்டு வருடம் சும்மா கிடந்த வண்டி என்று யாரும் சொல்ல முடியாது.

"சும்மா எங்க கெடந்துச்சு?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அவர் மனைவி நிலைப்படி வரை வந்து நின்றார். "தெனம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நான் பத்து நிமிஷம் ஓட விடணும். போனை பானட்டுக்கிட்ட வெச்சு சத்தத்தை இவங்களுக்குக் கேக்க வெக்கணும். கார் நல்லாருக்கான்னு கேட்டுட்டுத்தான் என்னைக் கேப்பாங்க."

"நீ நல்லாருக்கேன்னு குரல்லயே தெரியும்" என்றார் அவர். "வண்டிக்கு அப்படித் தெரியாதுல்ல?"

எங்களுக்கு வட்டலாப்பம் வந்தது. என் மனைவி அதை எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வண்டிக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து, இருபது நிமிடம் என்ஜினை ஓடவிட்டு, விழுந்த ஆயில் சொட்டுகளை எண்ணினேன். மூன்று சொட்டு. வெப்பமானி முள் பாதியில் நின்றது. புகை இல்லை. பெல்ட்டில் விரிசல் இரண்டு. கதவுக்கு அடியில் உப்புக்காற்று தின்ற ஓட்டை நான்கு. எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். தெருவுக்குள் நூறு அடி முன்னும் பின்னும் ஓட்டியும் பார்த்தேன். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. வண்டிக்கு என் கை புதிது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி வெயில் கொஞ்சம் தாழ்ந்ததும் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்பினோம். தஞ்சாவூரில் எங்கள் வீடு வரை அறுபது கிலோமீட்டர்.

பட்டுக்கோட்டை வருவதற்குள்ளேயே ஸ்டியரிங் இடப்பக்கம் போகப் பார்த்தது. நேராகப் பிடித்தால் கை வலித்தது. ஊருக்குள் ஏழு வேகத்தடை, ஏழிலும் அடி தட்டியது. ஒவ்வொரு தட்டலுக்கும் மனைவி "முருகா" என்றாள். ஊரைத் தாண்டியதும் கருகல் வாடை வந்தது.

"யாரோ வயல்ல கொளுத்துறாங்க" என்றேன்.

"கூடவே வருதே?"

புளியமரத்தடியில் நிறுத்தி இறங்கினேன். இறங்குவதற்கே இரண்டு முயற்சி தேவைப்பட்டது. இடது முன்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை, அனல் அடித்தது. மற்ற மூன்றும் சாதாரணமாக இருந்தன. அந்தக் கணத்தில் எல்லாம் புரிந்தது. எட்டு வருடம் அந்த அம்மாள் என்ஜினைத்தான் ஓடவிட்டிருக்கிறார். வண்டியை ஒரு அடி நகர்த்தவில்லை. கடற்கரைக் காற்றில் பிரேக் துருப்பிடித்து, மிதித்தால் பிடிக்கிறது, விட்டால் விட மறுக்கிறது. மதகின் ஷட்டரை வருடம் ஒரு தடவையாவது ஏற்றி இறக்குங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் வரும் நாளில் அசையாது என்று மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர்களை முப்பது வருடம் திட்டியவன் நான். என்ஜின் சத்தத்தில் மயங்கி, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கத் தோன்றவில்லை.

மனைவி தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு வந்தாள். "ஊத்தாதே, வெடிச்சிடும்" என்று கத்தினேன்.

"அப்ப கயிறு தேடவா?" என்றாள்.

அரை மணி நேரம் ஆறவிட்டோம். பிரேக்கைத் தொடாமல் ஓட்டினால் சூடு ஏறாது என்பது என் கணக்கு. மெயின் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் மிதிக்க வைத்துக்கொண்டே இருந்தன. ஒரத்தநாடு தாண்டியதும் கல்லணைக் கால்வாய்க் கரையை ஒட்டிப் போகும் ரோட்டில் திருப்பினேன். என் பழைய பிரிவு அது. எங்கே வளைவு, எங்கே மதகு, எல்லாம் மனப்பாடம். அறுவடை மாதம் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

நான்காவது மதகு தாண்டி ரோடு முழுக்க உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறித்தான் அங்கே உளுந்து உதிரும், தனியாகக் களம் தேட மாட்டார்கள். பஸ், டிராக்டர், பைக் எல்லாம் சம்பளமில்லாத ஆட்கள். தூரத்திலேயே எண்ணிவிட்டேன், ஆறு பெண்கள். மூன்று பேர் செடியைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள், இரண்டு பேர் கையில் முறம், ஒருத்தி கையை வீசி, "வாங்க, நல்லா ஏத்திட்டுப் போங்க!" என்று கூப்பிட்டாள். இடது ஓரத்தில் ஒரு குவியல்.

அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லாத வண்டி. காய்ந்த சருகு. கனன்றுகொண்டிருக்கும் சக்கரம். ஏறினால் அடியில் சுற்றித் தீப்பிடிக்கும். பக்கத்தில் மனைவி, தானாக எழுந்திருக்க முடியாத இருக்கை. நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ, கயிறுதானோ. இரண்டு நொடி யோசித்திருப்பேன். பிரேக்கை மிதித்தேன்.

வண்டி நிற்பதற்கு முன் இடப்பக்கம் இழுத்தது. "ஆளு! ஆளு!" என்று அலறிக்கொண்டே மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்து என் பக்கமாகத் தள்ளினாள். குவியலை உரசி வண்டி நின்றது. அதன் பக்கத்தில், ஒரு கை தூரத்தில், கையில் விளக்குமாற்றுடன் குந்தியிருந்த ஒரு பெண் எழுந்தாள்.

ஏழாவது ஆள்.

"ஏன்யா பெருசு, நான் இவ்ளோ நேரமா இங்கதானே ஒக்காந்திருக்கேன்? கண்ணு தெரியல?"

"கல்யாண மாப்பிள்ளை கணக்கா வண்டி, அய்யாவுக்குப் பாக்க நேரமில்ல" என்றாள் முறம் வைத்திருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள். குந்தியிருந்தவள் சிரிக்கவில்லை. சேலையைத் தட்டிவிட்டு, சக்கரத்தின் கீழ் போன உளுந்தைப் பொறுக்கினாள்.

என் மனைவி கதவைத் திறந்தபடி, "அவர் மேல தப்பில்லம்மா. பிரேக்கு புடிச்சு வண்டி இழுத்துட்டுப் போயிருச்சு. இன்னைக்குத்தான் வாங்கினோம், பாவி வண்டி" என்றாள். புகைகிற சக்கரத்தைப் பார்த்ததும் அவர்களுக்கும் அது சரியாகப் பட்டது. குந்தியிருந்தவளே என் மனைவியைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். சக்கரம் ஆறியதும் ஆறு பேர் சேர்ந்து செடியை ஒதுக்கி ஒரு வண்டி அகலத்துக்கு வழி விட்டார்கள். நான் ஏழு என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பினேன். ஏழாவது ஆள் எனக்கு வலப்பக்கம் நின்றாள்.

மீதித் தூரம் முழுக்க வேகம் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. நான்கு தடவை நிறுத்தி ஆறவிட்டோம். தஞ்சாவூரில் எங்கள் வாசலில் வண்டி தானாக வந்து நின்றது. மனைவி மகனுக்குப் போன் செய்தாள். "கயிறு கட்டல. சொன்ன சொல்லு சொன்னதுதான். அப்பா ஓட்டட்டும்."

ஐந்து நாள் மெக்கானிக் வந்து வேலை பார்த்தார். நாற்பது வயதுக்காரர், நிதானமானவர். இடது முன்சக்கரத்து பிரேக்கைக் கழற்றி, துருவில் அசையாமல் நின்ற பிஸ்டனைக் காட்டினார். "இப்படி இருந்தா இழுக்கத்தான் செய்யும். நீங்க இல்ல, யார் ஓட்டினாலும் அங்கதான் போயிருக்கும்."

பக்கத்து வீட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னார். மகனும், கொஞ்சம் தயங்கி, அப்படித்தான் சொன்னான். ஐந்து நாளும் நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். வண்டி இழுத்தது உண்மை. ஆனால் இழுப்பதற்கு முன்பே, அவ்வளவு தூரத்திலிருந்து, நான் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்க வேண்டும். இருட்டோ மங்கலோ இருந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். அவள் இருந்த இடத்தில் எனக்குத் தெளிவாக வெறும் ரோடு தெரிந்தது. வாசலில் நின்று வலது கண்ணை மூடிக்கொண்டு எதிர்வீட்டு கேட்டின் கம்பிகளை எண்ணிப் பார்த்தேன். பதினான்கு கம்பி. ஒரு தடவை பத்து வந்தது, ஒரு தடவை பதினொன்று. இது யாருக்கும் தெரியாது. பிரேக் சரியாகிவிட்டால் தெரியவும் போவதில்லை.

ஆறாம் நாள் காலையில் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை நீட்டினார். "முடிஞ்சுது சார். ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

நான் வாங்கவில்லை. மனைவி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் போய், "அந்தப் பொம்பளையை நான் பாக்கல" என்றேன்.

"அதான் வண்டி இழுத்துச்சே."

"இழுக்குறதுக்கு முன்னாடி. நிறுத்தலாமா வேண்டாமான்னு யோசிச்சப்போ. ஆறு பேர்னுதான் நெனச்சேன். இடது கண்ணுல அந்தப் பக்கம் தெரியல."

அவள் என்னைச் சமாதானப்படுத்துவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் முகம் வெளுத்துவிட்டது. "எப்பத்துலேர்ந்து?"

"தெரியல."

"போன மாசம் பேத்தியை ஸ்கூட்டர்ல ரயிலடிக்குக் கூட்டிட்டுப் போனீங்களே?"

நான் ஸ்கூட்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

"கீழராஜவீதி கூட்டத்துல? முன்னாடி நிக்க வெச்சு?"

"ஆமா."

அவள் உள்ளே போய் ஸ்கூட்டர் சாவியை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். கண் டாக்டருக்குப் போன் செய்யச் சொன்னாள். அவள் எதிரிலேயே செய்தேன். பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, "நீங்களே ஓட்டிப் பாருங்க தம்பி" என்றாள். அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தெருக்கோடி வரை போய், வேகமெடுத்துத் திரும்பி வந்து, எங்கள் வீட்டுக்கு நேரே பிரேக்கை அழுத்தி மிதித்தார். வண்டி கொஞ்சமும் விலகாமல் நேராக நின்றது.