துரை கேட்ட ரூம்

பண்டாரவளை வரைக்கும் ரயில் வந்துவிட்டது, பதுளைக்கு இன்னும் வரவில்லை. அந்தக் காலத்தில் நடந்தது இது. நான் அப்போது மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. உங்கள் அம்மாவை இன்னும் கல்யாணம் செய்திருக்கவில்லை. பதுளையில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்திருந்ததால், துரை பேசும் இங்கிலீஷைத் தமிழாக்கி ஆட்களுக்குச் சொல்வதும் என் வேலையாக இருந்தது. விடியற்காலையில் எல்லோரும் கூடி அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்ளும் கூட்டத்தைப் பெரட்டு என்போம். அங்கேதான் அந்த வேலை.

பள்ளிக்கூடத்தில் படித்த சொற்களில் 'ரூம்' ஒன்று. ரூம் என்றால் அறை. தோட்டத்தில் அதற்குக் காம்பரா என்று பெயர். நீளமான லயத்தில் காம்பராக்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். ஆனால் ரூம் என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, பிள்ளைகளே. நிறைந்த பெஞ்சின் பக்கத்தில் இன்னொரு பையன் வந்து நின்றால் வாத்தியார் 'மேக் ரூம்' என்பார். நாங்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நெருங்கி உட்காருவோம். அங்கே சுவரும் இல்லை, கதவும் இல்லை. கொஞ்சம் இடம், அவ்வளவுதான். அதற்கும் ரூம் என்றுதான் பெயர்.

அந்த வருஷம் மார்கழி மழையில் இந்தியாவிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்து சேர்ந்தார்கள். பண்டாரவளையிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நிறைமாதம். காலி காம்பரா ஒன்றுகூடத் தோட்டத்தில் இல்லை. கொழுந்துக் கூடைகள் போடும் கொட்டகையில், ஈரத்தரையில் சாக்கை விரித்துப் படுத்தார்கள்.

மறுநாள் பெரட்டுக்கு வந்த துரை, குதிரையிலிருந்து இறங்காமலே கடைசி லயத்தின் கடைசிக் காம்பராவைச் சாட்டையால் காட்டினார். "மேக் ரூம் ஃபார் தெம்" என்றார். தாம் திரும்பி வருவதற்குள் அது முடிந்திருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் பதுளைக்குப் போய்விட்டார். போனால் வர ஒரு வாரம் ஆகும்.

வாத்தியார் பெஞ்சுக்குச் சொன்ன ரூம்தான் இது என்று எனக்குத் தெரியும். அதனால், கடைசிக் காம்பராவில் இவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தமிழில் சொன்னேன்.

அந்தக் காம்பராவில் இருந்தவள் கொழுந்து பறிக்கும் ஒரு பெண். லயம் முழுக்க அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். வாய்க்காரி.

"ஏழு பேரு இருக்கோம் அய்யா. ஒருத்தர் பொரண்டு படுத்தா ஏழு பேரும் பொரளணும். அதுல புள்ளத்தாச்சிய எங்க படுக்க வைக்கிறது, அடுப்பு மேலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். வந்தவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா அதைப் பார்த்துவிட்டாள். "ஒன்னச் சொல்லல தாயி" என்று அவளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"தொரை வாயில வந்தத அப்புடியே சொல்லுங்க பாப்போம்."

"மேக் ரூம்னாரு."

"ரூம்னா?"

"காம்பரா."

"மேக்னா?"

"செய்யறது."

"அப்ப காம்பரா செய்யச் சொல்லியிருக்காரு! நீங்க என்னமோ ஒண்டிக்கச் சொல்றீங்க?"

அந்த மழையில் நின்றுகொண்டு, பெஞ்சு, பையன், வாத்தியார் எல்லாவற்றையும் விளக்கினேன். இரண்டு அர்த்தம் உண்டு, துரை சொன்னது இரண்டாவது என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"ரெண்டு இருக்குல்ல? நமக்கு வேண்டியத எடுத்துக்கிட்டா சாமி கண்ணக் குத்திடுமா?"

துரைக்குக் கோபம் வந்தால் அன்றைக்கே என்னைத் தோட்டத்தை விட்டு இறக்கிவிடுவார். என் சம்பளத்தை நம்பித்தான் ஹாலிஎலவில் என் தாயும் தங்கைகளும் சாப்பிட்டார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் கால் என் கண்ணில் பட்டது. வீங்கியிருந்தது. அட்டை கடித்த இடமெல்லாம் இரத்தம் காய்ந்திருந்தது.

"சரி, ரூம் செய்வோம்" என்றேன். "துரை கேட்டா, கணக்கப்பிள்ளை இப்படித்தான் சொன்னாருன்னு சொல்லிடுங்க."

ஆட்களை மேய்க்கும் கங்காணி முதலில் தள்ளியே நின்றார். "எனக்கு இங்கிலீசே தெரியாது. ஒங்க ரூமும் தெரியாது, பெஞ்சும் தெரியாது" என்றார். ஆனால் சாயங்காலம் காட்டோரத்தில் முதல் கம்பை வெட்டியவர் அவர்தான். வேலை முடிந்து வந்த ஆண்கள் லயத்தின் கடைசிச் சுவரை ஒட்டிக் கம்புகளை நட்டார்கள். பெண்கள் கொழுந்துக் கூடையில் மண் சுமந்தார்கள். வந்த புருஷன் முழங்கால் வரை சேற்றில் நின்று மண்ணை மிதித்தான். ஞாயிற்றுக்கிழமை மானாப்புல் அறுத்துக் கூரை வேய்ந்தோம். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண் சுமந்தேன். "கணக்கப்புள்ள கூடையில பாதி ஓட்ட" என்று கேலி செய்தார்கள். சுவர் காயும் முன்னே அவர்களைக் குடியேற்றினோம். அடுப்புச் சூட்டிலேயே உள்பக்கம் காய்ந்தது. அங்கேதான் குழந்தை பிறந்தது. அக்காதான் பிரசவம் பார்த்தாள்.

துரை வந்தார். குதிரை நேராகக் கடைசி லயத்தின் முன்னால் வந்து நின்றது. இது என்ன என்று கேட்டார்.

"ரூம், சார். யூ செட், மேக் ரூம்."

அவர் என்னையே பார்த்தார். எனக்கு அர்த்தம் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இதை யார் கட்டினது என்று கேட்டார். நான்தான் சொன்னேன், சார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

பின்னால் கொழுந்துக் கூடையோடு அக்கா வந்து நின்றாள். அவள் பின்னால் மற்ற பெண்கள். "என்ன கேக்குறாரு? கட்டுனது யாருன்னா? எல்லாருந்தான்னு சொல்லுங்க அய்யா. மாலைய நீங்க ஒருத்தரே வாங்கிக்கப் பாக்காதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆல் ஆஃப் அஸ், சார்" என்றேன்.

துரை இறங்கினார். தொப்பியைக் கழற்றிக் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். புகை, ஈரமண் வாசனை, சுவரோரம் தாய், பக்கத்தில் பிள்ளை. வெகு நேரம் பார்த்துவிட்டு, "இஸ் தேர் ரூம் இன் இட்?" என்றார். உள்ளே இடம் இருக்கிறதா என்று கேட்டார், பிள்ளைகளே. வாத்தியாரின் பெஞ்சு ரூமை நாங்கள் கட்டிய காம்பராவுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

"தேர் இஸ், சார். பிளென்ட்டி" என்றேன்.

அவர் குதிரை ஏறிப் போனார். அந்த வாரத்திலேயே கூரைக்குத் தகரமும் ஒரு கதவும் வந்தன.

போன வருஷம் அந்தப் பக்கம் போனேன். மண் சுவர் கல் சுவராகியிருக்கிறது. லயத்தில் மற்றதையெல்லாம் இன்றும் காம்பரா என்கிறார்கள், அந்த ஒன்றை மட்டும் சின்னப் பிள்ளைகூட ரூம் என்கிறது. ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தச் சொல்லை எங்கே கேட்டாலும், நெருங்கி ஒண்டிக்கொள்ளச் சொன்ன இடத்தில் சுவர் எழுப்பிய அந்தச் சனங்களோடு நானும் ஓட்டைக் கூடையில் மண் சுமந்தேன் என்று என் நெஞ்சு நிமிர்ந்துகொள்கிறது.