மோட்டார் அறைக் கதவு

2023 மே 14: மோட்டாருக்குக் காயில் கட்டியது, ரூ. 3,400
2024 பிப்ரவரி 2: மறுபடியும் காயில், ரூ. 3,850
2024 ஏப்ரல் 21: பழைய சிறு கம்ப்யூட்டர், ரூ. 6,500
2024 ஏப்ரல் 27: ரிலே, கதவு சென்சார், ஒயர், ரூ. 2,140

ஒன்பது மாதத்தில் இரண்டு முறை மோட்டார் எரிந்தால் அது தற்செயல் அல்ல என்பது பக்தவத்சலத்தின் முடிவு. கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது யாரோ சுவிட்சைப் போடுகிறார்கள். திருப்போரூரில் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தவர் சாலமோன். மாமல்லபுரம் ஹோட்டல் ஒன்றில் வேன் ஓட்டுபவர். மோட்டார் அறைக்கு இருந்த இரண்டு சாவிகளில் ஒன்று அவரிடம் இருந்தது.

கல்பாக்கத்தில் முப்பத்தொரு வருடம் அளவுக் கருவிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், அறுபத்தெட்டு வயதில் லினக்ஸ் கற்றுக்கொண்டு அந்தச் சிறு கம்ப்யூட்டரை சர்வராக்கினார். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானே ஓடும், நிறைந்தால் தானே நிற்கும். அறைக் கதவு திறந்தாலும் மூடினாலும் நேரம் பதிவாகும். இனி அந்த அறைக்குள் யாருக்கும் வேலையில்லை.

செல்போனில் பச்சையும் மஞ்சளுமாக எல்லாம் அழகாகத் தெரிந்தது. அவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கருவியின் முள் ஆளுக்குத் தகுந்தபடி காட்டும், அடியில் ஓடும் காகிதம்தான் உண்மை பேசும் என்று ஆபீசில் சொல்லிச் சொல்லியே பழகியவர். தினமும் மாலையில் கறுப்புத் திரையைத் திறந்து, சர்வரின் அடிவயிற்றில் இருந்த பதிவுகளை நேராக வாசித்தார். தினமும் காலை ஆறு மணி சுமாருக்குக் கதவு திறந்திருந்தது. சரியாக அவரும் மனைவி சியாமளாவும் கோயில் குளத்தைச் சுற்றி நடக்கப் போகும் நேரம். ஆள் இல்லாத நேரம் பார்த்து வருகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

மே 12, ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து திரும்பிய சாலமோனையும் அவர் மனைவி ஜெனிஃபரையும் மாடிப்படியில் நிறுத்தினார்.

"காலையில ஆறு மணிக்கு மோட்டார் ரூம்ல உனக்கு என்ன வேலை?"

"இன்னா சார் சொல்றீங்க? ஆறு மணிக்கு நான் பூஞ்சேரியில வண்டி கழுவிகினு இருப்பேன்."

"பதினைஞ்சு நாள் ரெக்கார்ட் இருக்கு."

"யார் எழுதுனது?"

"மெஷின்."

"அப்ப மெஷினையே வாடகைக்கு வெச்சிக்குங்க." சாவிக்கொத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்றிப் படியில் வைத்தார். ஜெனிஃபர் அக்கம்பக்கத்து ஜன்னல்களை ஒரு தடவை பார்த்துவிட்டு மேலே ஏறிப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை குட்டியானை வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு அவர்கள் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரிக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை மாலையும் பக்தவத்சலம் பதிவைப் பார்த்தார். அன்றும் ஆறு மணிக்குக் கதவு திறந்திருந்தது!

"கள்ளச் சாவி போட்டு வெச்சிருக்கான்" என்றார்.

"பூஞ்சேரியிலேருந்து விடிகாலையில பஸ் பிடிச்சு வந்து, உங்க கதவைத் திறந்து மூடிட்டுப் போறானாக்கும்?" என்றாள் சியாமளா.

மறுநாள் அவர் நடக்கப் போகவில்லை. மோட்டார் அறைக் கதவில் முதுகு சாய நாற்காலி போட்டு ஏழு மணிவரை உட்கார்ந்தார். ஈ காக்கைகூட வரவில்லை. மாலையில் பதிவு சொன்னது: 6.04 திறப்பு, 6.07 மூடல்.

தன் முதுகுக்குப் பின்னால் திறந்த கதவு! வயர்லெஸ் வழியாக யாரோ புகுந்து விளையாடுகிறார்கள் என்று ஒரு மணி நேரம் சந்தேகப்பட்டார். பிறகு எழுந்து போய்த் தானே கதவைத் திறந்து மூடினார். சுவர்க் கடிகாரத்தில் மாலை 6.40. திரையில் 13.10.

ஐந்தரை மணி நேரம் குறைவு. சர்வர் தன் அடிப்பதிவை கிரீன்விச் நேரத்தில்தான் எழுதும். செல்போனில் காட்டும்போது அதுவே நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். அவர் நம்பாத அந்தப் பச்சைப் பக்கத்தில் முதல் நாளிலிருந்தே நேரம் சரியாக இருந்தது, அன்றைக்கு 11.34.

"பதினொன்றரைக்கு மோட்டார் ரூமைத் திறக்கறது யாரு?" என்று சியாமளாவிடம் கேட்டார்.

"நான்தான். ஜன்னல் வழியா வந்து சாக்குக்குப் பின்னாடி பூனை குட்டி போட்டிருக்கு, பால் வைக்கப் போவேன். நீங்க லைப்ரரிக்குப் போற நேரம். தெரிஞ்சா துரத்திவிடுவீங்க."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க ஆறு மணிக்கு யாருன்னுதானே கேட்டீங்க? ஆறு மணிக்கு நான் உங்களோட குளத்தைச் சுத்திக்கிட்டு இருந்தேன்."

மறுநாளே பூஞ்சேரிக்குப் போனார். சாலமோன் சவாரியில் இருந்தார். ஜெனிஃபர் வாசலிலேயே தண்ணீர் கொடுத்தாள், உள்ளே கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து, தவறு முழுவதும் தன்னுடையதென்றும், மாடியைக் காலியாகவே வைத்திருப்பதாகவும், திரும்பி வர வேண்டுமென்றும் கடிதம் எழுதினார். பதில் இல்லை. இன்னொன்று எழுதினார். அதற்குப் பதில் வந்தது.

"சார், உங்கமேல கோபம் இல்லை. உங்க கடிதத்தை ஜெனிஃபருக்கும் படிச்சுக் காட்டினேன். ஆனா வரமாட்டோம். அங்க இருந்தா ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் யாரோ எழுதிக்கிட்டு இருக்கிற மாதிரியே இருக்கும். மாடிக்கு வேற ஆள் பாருங்க."

அந்தக் கடிதம் வந்தது 2024 ஜூன் 19, புதன்கிழமை.